பங்களாவுக்குப் பின்னால் ஒரு மேராக்காய்ப் பந்தல்

மகள் வீட்டில் வெங்காயம் எடுக்கக் கூடைக்குள் கையை விட்டேன். அடியில் ஒரு மேராக்காய் கிடந்தது. சேலத்தில் இப்போது எல்லோரும் சௌசௌ என்கிறார்கள். எங்களுக்கு அது மேராக்காய்தான். வாங்கி வந்து மறந்துபோன காய். அகன்ற முனை லேசாகப் பிளந்து, உள்ளிருந்து வெளிர்பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது.

"அப்பா, அது கெட்டுப் போச்சு. குப்பைல போட்டுடுங்க" என்றாள் மகள், செல்போனைப் பார்த்தபடியே.

கெட்டுப் போகவில்லை கண்ணு, இப்போதுதான் அதற்கு உயிரே வந்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் யாருடனோ பேச ஆரம்பித்துவிட்டாள். நான் ஒன்றைச் சொல்ல நினைத்து, சொல்லலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட இதுதான் காரணமோ என்னவோ. வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியும், ஆனால் எழுந்து நிற்கக் கூச்சம்.

காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. ஹாலில் உட்கார்ந்திருந்த என் மனைவி சரஸ்வதி அதைப் பார்த்துவிட்டு, "நாக்க நீட்டிருச்சா?" என்று மட்டும் கேட்டாள். முளை விட்ட மேராக்காயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பால்கனியில் நின்று நகத்தால் தோலை லேசாகக் கீறினேன். பால் மாதிரி ஒரு பசை வந்து விரலில் ஒட்டியது. சற்று நேரத்தில் அது காய்ந்து, விரல் நுனி இன்னொருவருடைய விரல் போல மரத்துப்போனது. மூக்கருகே கொண்டுபோனேன். பச்சை வாடை. அவ்வளவுதான், நான் பால்கனியில் இல்லை.

ஏற்காட்டில் மஞ்சக்குட்டை போகும் சாலையில் அந்தப் பங்களா இருந்தது. சொந்தக்காரர்கள் மெட்ராஸ்காரர்கள். கோடை விடுமுறைக்கு மட்டும் வருவார்கள். மற்ற மாதங்களில் பங்களாவுக்கு நான் காவல், எனக்குப் பங்களா காவல். கூடவே தோட்ட வேலையும் என்னுடையது. மெட்ராஸ் அம்மாவுக்கு ரோஜா என்றால் உயிர். முன்பக்கம் முழுக்க ரோஜா, டேலியா. பின்பக்கம் உண்ணிச்செடி மண்டிய ஒரு சரிவு. அதற்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையும் ஒரு சமையல் தடுப்பும். அது என் வீடு. "பின்னாடி என்னவோ பண்ணிக்கோப்பா, முன்னாடி ரோஜா மட்டும் வாடக்கூடாது" என்று அம்மா ஒருமுறை சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சரிவு முழுவதையும் வெட்டிப் படிப்படியாகக் கல் அடுக்கிவிட்டேன். அடுத்த கோடையில் அவர் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, மலையையே மாத்திட்ட" என்றார். திட்டுகிறாரா, பாராட்டுகிறாரா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இன்றுவரை பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் ஓமலூர்ப் பக்கத்துக் கீழ்நாட்டு ஆள். அப்பா அம்மா இல்லை, அண்ணன் வீட்டில் வளர்ந்தவன். வேலைக்காக மலை ஏறியவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? ஊரில் செய்வது போலவே ஆடியில் வெண்டையும் கத்தரியும் விதைத்தேன். வெண்டை, மூடுபனியைப் பார்த்துப் பயந்தது போல விரலளவிலேயே நின்றுவிட்டது. சரி, இங்கே என்னதான் வரும் என்று சாலையில் நடந்துபோகும்போது பார்த்தால், வேலி, கூரை, கக்கூஸ் மேல் எல்லாம் ஒரே கொடி. மேராக்காய். அன்றைக்கே ஏற்காடு பஜாருக்குப் போய் விதைக்கடையில் நின்றேன். கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து, அது கலையவே இல்லையென்பதால் கடைசியில் மெதுவாகக் கேட்டேன்.

"மேராக்காய் வெத ஒரு பாக்கெட் குடுங்க."

கடைக்காரர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன வெதைங்க?"

"மேராக்காய் வெதைங்க."

"தீந்து போச்சுங்களே. ஆட்டு முட்ட இருக்குது, தரட்டுங்களா?"

கடையே சிரித்தது. மேராக்காய்க்குத் தனியாக விதை கிடையாது, காயேதான் விதை என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். காது மடல் எரிய வெளியே வந்தேன். பின்னாலேயே ஒரு பெண் கூடையோடு வந்து, முளைவிட்ட காய் ஒன்றை என் கையில் வைத்தாள். "இந்தாங்க வெத. பாக்கெட்டு நாங்க போட்டுத் தர்றதில்ல" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கொடுத்தாள். பங்களாவுக்குக் கீழே இரண்டு வளைவு தள்ளி நிலம் வைத்திருந்த மலைக்காரக் குடும்பம். பெயர் ராமாயி. என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள், அக்கா என்றே கூப்பிட்டேன்.

அந்தக் காயையும் நான் உருப்படியாக நடவில்லை. ஆழமாகக் குழி தோண்டி, மண் மூடி, மிதித்து, தண்ணீர் ஊற்றினேன். அழுகிப்போனது. "பொதச்சுப்போட்டு மாலையும் போட்டீங்களா?" என்று ராமாயி அக்கா கேட்டது சாலை வரை கேட்டிருக்கும். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே, முளை மேலே தெரியும்படி படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது காய் பிழைத்தது.

பிழைத்தது என்றா சொன்னேன்? பேயாய்ப் பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் கொடி இருக்காது. சுருள் சுருளாகக் கை நீட்டி எதைக் கண்டாலும் பிடிக்கும். சில்வர் ஓக் கிளைகளை நட்டு, பழைய கம்பியை இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டேன். பந்தலை முடித்துவிட்டுத் தகரக் கூரை மேல் ஏறியது. கூரையிலிருந்து இறங்கி ஜன்னலைப் பிடித்தது. கல்யாணமாகி வந்த புதிதில் சரஸ்வதி காயப்போட்ட புடவையை ஒருநாள் கொடி இறுகச் சுற்றிக்கொண்டு விட மாட்டேன் என்றது. "ஏனுங்க, உங்க மூத்த சம்சாரம் எம் புடவையப் புடிச்சு இழுக்கறா, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். அதுவரை எங்களுக்குள் பேச்சே அதிகம் கிடையாது. சிரித்துப் பேச ஆரம்பித்தது அந்தப் புடவையை விடுவித்த அன்றைக்குத்தான்.

அந்தப் புடவையில்கூட நான் சுமந்த எருச் சாக்கின் வாடை ஒட்டியிருந்தது. பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரித்தபின் அந்தத் தோலை மலை மாதிரி குவித்து வைப்பார்கள். மக்க மக்கப் புளித்த கள் வாடை அடிக்கும். "எடுத்துட்டுப் போப்பா, எனக்கு நாத்தம் கொறையும்" என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார். சாக்கில் கட்டித் தலையில் சுமந்து வந்து மேட்டுப் பாத்திகளுக்குப் போடுவேன். மண் கறுத்து, பொலபொலவென்று ஆகிவிடும். அந்த மண்ணில் பீன்ஸ், முட்டைகோஸ், பீட்ரூட், முள்ளங்கி, கேரட் எல்லாம் வந்தன. ஓரத்தில் ஒரு எலுமிச்சை, கொய்யா, ரசத்துக்குப் புளிப்புக் கொடுக்க ஒரு மரத்தக்காளி. வாடை மட்டும் என்னை விட்டுப் போகாது. ஒருமுறை சேலம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்று, "ஏனுங்க, குளிச்சுப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கு வரக் கூடாதுங்களா?" என்றார். சரஸ்வதியின் அண்ணனுக்கும் என்னிடம் முதலில் பிடிக்காமல் போனது அந்த வாடைதான் என்று நினைக்கிறேன்.

அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். முத்துசாமி மச்சான். சேலத்தில் காய்கறி மண்டி வைத்திருந்தார். அப்பா இல்லாத குடும்பத்தில் தங்கைக்கு அப்பாவும் அவரே. மாப்பிள்ளை பீடிகூடக் குடிக்க மாட்டார் என்று யாரோ சொன்னதை நம்பிப் பெண்ணைக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மேலே வந்து தகரக் கூரையையும், மதியம் வரை விலகாத மூடுபனியையும், கூப்பிடு தூரத்தில் ஒரு வீடும் இல்லாததையும் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. சரஸ்வதி உண்டாகிச் சில மாதம் கழித்து மறுபடி வந்தார். கட்டுச்சோற்று விருந்துக்கு நாள் குறிக்க.

எங்கள் பக்கத்தில், பெண் நிறைமாதத்தை நெருங்கும்போது பிறந்த வீட்டார் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு என்று. மாப்பிள்ளை வீட்டில் அவர்களுக்கு இலை போட்டு விருந்து வைக்க வேண்டும். பிறகு பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை வீடு என்றால் அங்கே யார் இருக்கிறார்கள், நான் ஒருவன்தான்.

மச்சான் டீயைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. கூட்டிட்டுப் போனா அப்பறம் சரசு கீழயே இருக்கட்டும். பச்சப்புள்ளைய வெச்சுக்கிட்டு இந்தப் பனியில எப்புடிங்க? நீங்களும் வந்துருங்க. மண்டியில நம்பிக்கையான ஆளு எனக்கும் வேணுமில்ல."

நான் தரையைப் பார்த்தேன். சரஸ்வதி அடுப்படியில் பாத்திரம் உருட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"விருந்துக்குக் காயெல்லாம் நானே ஏத்தி அனுப்பிடறேன். நீங்க ஒண்ணும் அலைய வேணாம்" என்றார்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது எனக்கே ஆச்சரியம். "வேணாமுங்க மச்சான். காயி எங்கூட்டுலயே இருக்குதுங்க."

"எங்க, கட்டிலுக்கடியிலயா?" என்று சிரித்தார். "மாப்ள, சமையல்னா சும்மாங்களா? ஒரு ஜீப்பு ஆளு வருவோம். எல கொறஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம்."

"கொறையாதுங்க. கீழ இருந்து ஒரு காயி வர வேண்டாமுங்க."

அதுவரை அவரோடு நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். போகும்போது வாசலில் நின்று தங்கையிடம், "பாப்போம், இந்த ஊடு ஒரு விருந்துக்குத் தாங்குதான்னு. தாங்குனா அப்பறம் பேசலாம்" என்றார். எனக்குக் கேட்க வேண்டுமென்றே சொன்னார். அன்றிலிருந்து பீன்ஸ் கொடியைப் பார்த்தாலும், கோஸைப் பார்த்தாலும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். இதில் குறை வந்தால் அவள் திரும்பி வர மாட்டாள்.

ஐப்பசிக் கடைசி. மழை விட்டு மூடுபனி பிடித்துக்கொண்டிருந்த நாட்கள். விருந்தன்று விடியும்போதே ராமாயி அக்கா வந்துவிட்டாள், பெரிய அண்டாவையும் தன் அடுப்புக் கற்களையும்கூடக் கொண்டுவந்தாள். காய் வாடக்கூடாது என்று முந்தின நாள் நான் எதையும் பறிக்கவில்லை. அதுதான் நான் செய்த மடத்தனம். விடிந்து பார்த்தால் கொல்லையே இல்லை. வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. நீட்டின என் கையே முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை. தடவித் தடவிக் கோஸை அறுத்தேன், பீன்ஸைக் கிள்ளினேன். பந்தலுக்கு அடியில் குருடனைப் போலக் கையைத் தூக்கிக்கொண்டு நடந்து, விரலில் இடித்த மேராக்காய்களைத் திருகினேன். ஒரு ஜீப் ஆளுக்கு வேண்டியது கூடைகளில் சேர்ந்துவிட்டது. ராமாயி அக்கா பார்த்து, "தாராளமாப் போதும் சாமி" என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

பதினோரு மணிவாக்கில் ஹாரன் கேட்டது. ஜீப் ஹாரன் இல்லை. வேன். கதவு திறந்து ஆள் இறங்க ஆரம்பித்தது. இறங்கிக்கொண்டே இருந்தது. தெருக்காரர்கள், மண்டியில் கணக்கு எழுதுகிறவர், அவர் சம்சாரம், எதிர்வீட்டுப் பிள்ளைகள். ஏற்காட்டில் விருந்து என்றதும், ஊரையும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று அத்தனை பேரும் தொற்றிக்கொண்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துத் துவண்டுபோன ஒரு அத்தையை இருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கண்ணைத் திறந்து சுற்றிலும் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, "ஏண்டா முத்துசாமி, ஏற்காடு எங்கடா?" என்றார்.

"இதுதான் அத்த."

"வேட்டியத் தொங்கவிட்டாப்பல இருக்குது. இதுக்கா என் கொடல வெளிய எடுத்தீங்க?"

நான் ஓடிப்போய் எலுமிச்சை பறித்து வந்து கரைத்துக் கொடுத்தேன். என் கொல்லையிலிருந்து முதலில் பரிமாறியது அதுதான். அத்தை குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

கடைசியாக வேனிலிருந்து மச்சான் இறங்கினார். தோளில் ஒரு சாக்கு. வாய் தைத்த, முட்டிக்கொண்டு நின்ற காய்ச் சாக்கு. வீட்டு வாசலில் தொப்பென்று வைத்தார். "ஆளு கொஞ்சம் சேந்துபோச்சு மாப்ள. சும்மா இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன். வேணும்னா பிரிச்சுக்கலாம்." அதில் குத்தலும் இருந்தது, பரிவும் இருந்தது என்று இன்று தெரிகிறது. அன்று குத்தல் மட்டுமே தெரிந்தது.

அடுப்பருகே ராமாயி அக்கா என் காதில், "என்ன சாமி, ஒரு ஊரே எறங்குது? கூடையில இருக்கறது பாதிக்குத்தான் காணும்" என்றாள். கையில் அரிவாள்மனை. பார்வை சாக்கின் மேல். கட்டுச்சோற்று மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சரஸ்வதி நிமிர்ந்து சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் மட்டும் 'பிரிச்சுருங்க' என்று சொல்லியிருந்தால் பிரித்திருப்பேன். அவள் சொன்னது வேறு. "பந்தல்ல இருக்குதுங்க. நேத்து துணி எடுக்கறப்ப தலையில இடிச்சுதே. போய்ப் பாருங்க."

போனேன். மறுபடியும் வெள்ளைச் சுவருக்குள். கையைத் தூக்கித் துழாவினேன். இலை, சுருள், கம்பி. காலையில் எட்டிய உயரத்தில் எல்லாவற்றையும் பறித்தாயிற்று. மேலே, தள்ளி இருப்பது தெரிய வேண்டுமே. காயும் பச்சை, இலையும் பச்சை, அதன் மேல் பனி. அங்கேயே நின்றுவிட்டேன்.

"மாப்ள, எங்கிருக்கீங்க?" மச்சானின் குரல்.

"இங்கதானுங்க."

"இங்கன்னா எங்க? எனக்கு எங்காலே தெரியல." எதிலோ முட்டிக்கொண்டு நின்றார் போலிருக்கிறது. குரல் மட்டும் வந்தது. "எதுக்குங்க இந்த வீம்பு? பிரிச்சு ஆக்குனா ஆச்சு. நானென்ன வேத்து ஆளா?"

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகம் அவருக்குத் தெரியவில்லை. எதிரே ஒரு முகம் இல்லாவிட்டால் எனக்குப் பேச வரும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"மச்சான், உங்க மண்டிக்கு வந்தா நான் மூட்ட தூக்குவேனுங்க. நல்லாத்தான் தூக்குவேன். சாயங்காலம் யாரு தூக்குனான்னு அந்த மூட்டைக்குத் தெரியாதுங்க. இங்க எனக்குச் சொந்தமா ஒரு அடி மண்ணு கெடையாது. ஆனா இந்தப் பாத்தி ஒவ்வொண்ணும் எங்கையில வந்ததுங்க. உங்க தங்கச்சி வந்ததுல இருந்து கடையில ஒரு கட்டுக் கீரகூட நாங்க வாங்கல. எம்புள்ள மொதமொதல்ல சோறு திங்கறப்ப அதுல எங்கொல்லைக் காயி இருக்கோணும். அதுக்குத்தானுங்க."

போய்விட்டாரோ என்று நினைத்தேன். பனித்துளி இலைகளிலிருந்து சொட்டும் சத்தம். பிறகு மிக அருகில், "இவ்வளவு பேசுவீங்களா நீங்க?" என்றார்.

அப்போது காற்று திரும்பியது. அங்கே எப்போதும் அப்படித்தான், யாரோ பாயைச் சுருட்டுவது போலப் பனி கீழிருந்து மேலே போகும். முதலில் எங்கள் கால்கள் தெரிந்தன. பிறகு பந்தல் கால்கள். நாங்கள் இருவரும் ஒரு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். பார்த்தவுடன் எனக்குப் பழைய கூச்சம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் மச்சான் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் இலைக்கு மேலே விழுந்து, இலை கண்ணாடி மாதிரி ஆகி, அதற்கடியில் காய்கள். பந்தல் முழுக்க. கம்பிக்குக் கம்பி, கூரை ஓரம் வரை, ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தன. காலையில் கைக்கு மட்டும் எட்டாமல் போன காய்கள். தூரத்தில் சேர்வராயன் கோயில் மலை உச்சிகூடத் தெளிந்து தெரிந்தது. ஆனால் நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவில்லை.

மச்சான் செருப்பைக் கழற்றினார். ஒரு கல்லின் மேல் ஏறி, கையை நீட்டி, ஒரு காயைத் திருகினார். காம்பிலிருந்து பால் கசிந்து விரலில் வழிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் பால் வருது மாப்ள."

"வருமுங்க."

"இத்தன வருசம் மூட்ட மூட்டையா வித்திருக்கேன். வெலை சொல்லுவேன், தரம் சொல்லுவேன், எந்த ஊருக் காயின்னு சொல்லுவேன். செடியில இருந்து ஒண்ணப் பறிச்சதில்ல. இப்புடிப் பால் வரும்னு எனக்குத் தெரியாதுங்க." அடுத்த காய்க்கு எட்டினார். அதற்கடுத்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏய், வாங்க எல்லாரும், இங்க வந்து பாருங்க" என்று கத்தினார். ஏற்காடு பார்க்க வந்த வேன் முழுவதும் என் பந்தலுக்கு அடியில் வந்து நின்றது. பிள்ளைகள் தோள்களில் ஏறிப் பறித்தார்கள். "போதுமுங்க, போதுமுங்க" என்று ராமாயி அக்கா கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அன்றைய இலையில் சாம்பாரில் மேராக்காய், கூட்டில் மேராக்காய், பொரியலில் மேராக்காய், அதன் தோலிலே ஒரு துவையல். கோஸும் பீட்ரூட்டும் ஓரமாக மரியாதைக்கு இருந்தன. மரத்தக்காளி ரசத்தை மண்டிக் கணக்கர் டம்ளரில் வாங்கிக் குடித்தார். எலுமிச்சைத் தண்ணீரில் பிழைத்தெழுந்த அத்தை இலையைப் பார்த்துவிட்டு, "பாயசத்துல மட்டுந்தான் போடல. தண்ணி கேட்டா அதுலயும் ஒண்ணு மெதக்கும் போலருக்குது" என்றார். சொல்லிவிட்டு மறுபடி கூட்டு கேட்டார். பரிமாறிக்கொண்டே நான் வாசலைப் பார்த்தேன். சாக்கு வைத்த இடத்திலேயே, தைத்த வாய் தைத்தபடி உட்கார்ந்திருந்தது. அதைப் போல ஒரு அழகான காட்சியை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை. அன்று எனக்கு இருந்த கர்வத்தை எழுதினால் நன்றாக இருக்காது, ஆனாலும் இருந்தது.

சாயங்காலம் சரஸ்வதியை அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். சாக்கை நானே தூக்கி வேனில் ஏற்றினேன். பக்கத்திலேயே மேராக்காய் நிறைந்த இரண்டு கூடைகளையும். மச்சான் கடைசியாக ஏறினார். பால் காய்ந்து தோலுரிந்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே, "புள்ள பொறந்து மூணாம் மாசம் நானே ரெண்டு பேரையும் கொண்டாந்து உடறேன் மாப்ள" என்றார். மண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சரஸ்வதி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மூத்தவளப் பாத்துக்குங்க" என்றாள். வேனில் யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சொன்னபடி மூன்றாம் மாதம் கொண்டுவந்து விட்டார். குழந்தைத் துணிகளைப் பந்தல் கம்பியில்தான் காயப்போட்டோம். முதல் சோறு ஊட்டியபோது அதில் மேராக்காயை மசித்துச் சேர்த்தோம். இந்த மகள்தான், முகத்தைச் சுளித்துத் துப்பினாள். இன்றைக்கும் அவளுக்கு அது பிடிக்காது. பெருமைப்பட ஆயிரம் இருக்கும்போது இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் அதுவும் நடந்தது.

அதற்கடுத்த ஐப்பசியில் மச்சான் மறுபடி வந்தார். யாரும் அழைக்கவில்லை. சேலம் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். கக்கத்தில் மடித்த சாக்கு ஒன்று. வாசலில் நின்று அதை உதறிக் காட்டினார். காலி. "எங்கூட்டுக்குக் காயில்ல மாப்ள" என்றார். ஊருக்கெல்லாம் காய் விற்கிற மனிதர். இருவருமாகப் பறித்து நிரப்பினோம். அதற்குப் பிறகு வருடம் தவறவில்லை. எங்கள் காயை அவர் மண்டியில் வைக்கவே மாட்டாராம். யாராவது கேட்டால், "அது விக்கறதுக்கில்ல, எந்தங்கச்சி ஊட்டுக் காயி" என்பாராம். அவர் கடைப் பையன் வந்து சொன்னான். அதைக் கேட்ட அன்று ராத்திரிச் சோறு இரண்டு பிடி கூடுதலாக இறங்கியது.

மெட்ராஸ் அம்மா காலமானதும் பிள்ளைகள் பங்களாவை விற்றார்கள். நாங்கள் ஏற்காடு ஊருக்குள் ஒரு வாடகை அறைக்கு வந்தோம். ஒரு ஹோட்டலில் புல்தரை வெட்டும் வேலை கிடைத்தது. திங்க முடியாத புல்லை வளர்த்து, வளர வளர வெட்டுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வயதானதும் சேலத்தில் மகள் வீட்டுக்கே வந்துவிட்டோம். போன வருடம் மஞ்சக்குட்டைச் சாலையில் போனபோது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நான் அடுக்கிய கற்கள் ஒன்றும் இல்லை. சரிவைச் சமப்படுத்தி, கண்ணாடிச் சுவர் வைத்த காட்டேஜ்கள் கட்டியிருக்கிறார்கள். பந்தல் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. ராமாயி அக்காவின் நிலத்திலும் ஏதோ கட்டுமானம். பனிகூட முன்போல மதியம் வரை நிற்பதில்லை என்கிறார்கள். முத்துசாமி மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டி இருந்த கட்டடத்தில் செல்போன் கடை வந்திருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மணி அடித்தது. மகள் போனில் சொன்ன காய்கறி வந்திருக்கிறது. ஒரு பையன் பழுப்புக் காகிதப் பையை நீட்டிவிட்டு, முகத்தைப் பார்ப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டான். வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி நிறைந்த பையோடு யாராவது வருகிறார்கள். காலிச் சாக்கைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வர, இப்போது யாரும் இல்லை.